பழைய போட்டின் நிறத்தைப் பிடிப்பது எப்படி? பெயின்ட் கலக்கத் தொடங்குவோருக்கு

பைபர் போட்டின் பக்கத்தில் கையகலத்துக்கு ஒரு காயம். பைபர் வைத்து, பட்டி இழுத்து, வடிவாகத் தேய்த்து முடித்தாயிற்று. முன்பு அடித்த அதே கம்பனி, அதே நீலம், அதே நம்பர் என்று தேடி வாங்கி அடித்தால், அந்த இடம் மட்டும் ஒட்டுப்போட்ட சாரம்போலத் தனியாகத் தெரிகிறது. கடைக்காரரில் பிழை இல்லை. டின்னில் இருப்பது சரியான நீலம்தான், மாறிப்போனது போட்.

கிழக்கிலங்கையில் கல்லடி, பாலமீன்மடு தொடங்கி கல்முனை, திருக்கோவில், பொத்துவில் வரை கரையில் இழுத்து வைத்திருக்கும் 18 முதல் 22 அடி பைபர் போட்டை மனதில் வைத்தே இங்கே சொல்கிறோம். மரப் போட்டுக்கு எங்கே வேறுபடுகிறதோ, அங்கே தனியாகக் குறிப்பிடுவோம்.

வெயில் நிறத்தை என்ன செய்கிறது

பெயின்டில் முக்கியமாக இரண்டு சரக்கு. நிறம் தரும் பொடி ஒன்று, அந்தப் பொடியைப் பிடித்து வைத்திருக்கும் பிசின் மற்றது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் மேல்மட்டத்துப் பிசினை உடைக்கிறது. பிடி விட்ட பொடி வெளியே வந்து நிற்கிறது. பழைய போட்டை உள்ளங்கையால் தடவினால் ஒட்டுகிற மா அதுதான். மினுக்கம் போன மேற்பரப்பு வெளிச்சத்தை நாலா பக்கமும் சிதறடிப்பதால் நிறம் வெளிறித் தெரியும். இந்த வெளிறல் போலியானது. மாவை எடுத்து மினுக்கினால் பாதிக்கு மேல் திரும்பி வந்துவிடும்.

இரண்டாவது வகை வெளிறல் திரும்பாது. பொடியே வெயிலில் சிதைந்து போவது அது. பளிச்சென்ற சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள் ஆகியவற்றில் பாவிக்கும் சேதனப் பொடிகள் பலவற்றுக்கு இந்தக் குறை உண்டு. காவிச் சிவப்பு அப்படியல்ல. அது இரும்பு ஒட்சைட்டு. வருடக்கணக்கில் வெயிலில் கிடந்தாலும் அசையாது. நீலத்தில் பொடி பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும், மா பூப்பதுதான் தொல்லை.

மட்டக்களப்பு வட அகலாங்கு ஏறத்தாழ 7.7 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுப்பகுதிக்குச் சற்று முன்னிருந்து செப்டெம்பர் தொடக்கம் வரை நண்பகல் சூரியன் எங்களுக்கு வடக்கே நிற்கும், மற்ற மாதங்களில் தெற்கே. கரையில் எப்போதும் ஒரே முகமாக இழுத்து வைக்கிற போட்டின் இரண்டு பக்கமும் அதனால் ஒரே அளவில் மங்காது. வலப்பக்கத்துக்குக் கலந்த பெயின்ட் இடப்பக்கத்துக்குப் பொருந்தவில்லை என்றால் ஆச்சரியப்பட வேண்டாம்.

எந்த நிறத்தைப் பிடிக்கப் போகிறீர்கள்?

பழைய போட்டில் மூன்று நிறம் இருக்கிறது: இப்போது கண்ணுக்குத் தெரியும் மங்கிய நிறம், மினுக்கினால் வரும் நிறம், முதல் நாள் அடித்தபோது இருந்த நிறம். இதில் எது வேண்டும் என்று முடிவெடுக்காமல் டின்னைத் திறந்தால் பெயின்டும் வீண், நாளும் வீண்.

ஒரு சின்னச் சோதனை. மங்கிய இடத்தை நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்து, பிறகு ஈரத்துணியால் ஒருமுறை தடவுங்கள். ஈரமாக இருக்கும் அந்த அரை நிமிடத்தில் நிறம் சட்டென்று ஆழமாகும். மினுக்கினால் ஏறக்குறைய அந்த நிறம்தான் வரும். இதை உறுதிப்படுத்த, காயத்துக்குப் பக்கத்தில் ஒரு உள்ளங்கையளவு இடத்தை ரப்பிங் கம்பவுண்ட் எனும் மினுக்கும் பசை போட்டுத் தேய்த்துப் பாருங்கள். போட்டின் மற்றப் பகுதியையும் மினுக்கத்தான் போகிறீர்கள் என்றால் இந்த உள்ளங்கையளவுதான் உங்கள் மாதிரி. மினுக்கப் போவதில்லை என்றால் மட்டுமே மங்கிய நிறத்தைப் பிடிக்க வேண்டும். அதைச் செய்ய நாங்கள் சொல்லமாட்டோம். மங்கிய நிறத்துக்குக் கலந்த பெயின்ட் மினுக்கத்தோடு நிற்கும், பழையது மினுக்கம் இல்லாமல் கிடக்கும். நிறம் சரியாக இருந்தாலும் சாய்வெயிலில் ஒட்டு தெரியும்.

முதல் நாள் நிறம் வேண்டுமானால் வெயில் படாத இடத்தைத் தேடுங்கள். பக்கத்து றப்பர் பட்டைக்கு அடியில், இரும்பு வளையத் தகட்டுக்குக் கீழே, இருக்கைப் பலகையின் அடிப்பக்கத்தில் கிடைக்கும். ஒரு விதிவிலக்கு வெள்ளை எனாமல் (எண்ணெய் சேர்ந்த சாதாரணப் பெயின்ட்). அது இருட்டில் மஞ்சளடிக்கும். பெட்டிக்குள்ளே மறைந்திருந்த வெள்ளையை உண்மையான வெள்ளை என்று நம்பிக் கலந்தால் போட் முழுதும் பழைய தந்தம் மாதிரி வந்துவிடும். அந்த மாதிரியைச் சில நாள் வெயிலில் விட்டால் மஞ்சள் ஓரளவு இறங்கும். அதற்குப் பிறகு ஒப்பிடுங்கள்.

மரப் போட்டில் பல வருடப் பெயின்ட் அடுக்கடுக்காக இருக்கும். ஒரு ரூபாய் நாணயமளவு இடத்தை 180 நம்பர் வாட்டர் பேப்பரால் நனைத்துச் சாய்வாகத் தேய்த்தால், மரம் நடுவிலும் ஒவ்வொரு அடுக்கும் அதைச் சுற்றி ஒவ்வொரு வளையமாகவும் தெரியும். உட்பக்க வளையம் மிகப் பழையது. பழைய மரப் போட்டின் அடிப்பூச்சில் ஈயச் செந்தூரம் இருக்கக்கூடும், ஆகவே காய்ந்த நிலையில் தேய்க்க வேண்டாம். நனைத்துத் தேய்த்து, வழிந்த சேற்றைத் துணியால் எடுத்துவிடுங்கள்.

எந்தப் பெயின்ட் மேலே இருக்கிறது

நிறத்துக்கு முன் இதைத் தெரிந்தாக வேண்டும். மாவைக் கழுவி எடுத்தபின், மறைவான ஓர் இடத்தில் என்.சி. தின்னர் (நைட்ரோசெல்லுலோஸ் பெயின்டுக்கான கடும் தின்னர்) நனைத்த வெள்ளைத் துணியை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பெயின்ட் இளகி, நகத்தில் ஒட்டி, துணியில் தடிப்பாக நிறம் இறங்கினால் அது எனாமல். ஒன்றும் ஆகாவிட்டால் ஹார்ட்னர் (இறுக வைக்கும் திரவம்) சேர்க்கும் இரட்டைப் பெயின்ட் அல்லது ஜெல்கோட் (பைபரின் மேல் பூசும் நிறமூட்டிய பிசின்). உடைந்த விளிம்பைப் பார்த்தால் இந்த இரண்டையும் பிரித்தறியலாம். ஜெல்கோட் அரை மில்லிமீட்டர் அளவு தடிப்பாக, அண்டர்கோட் எனும் அடிப்பூச்சு இல்லாமல், நேரே பைபரின் மேல் இருக்கும்.

எனாமலின் மேல் இரட்டைப் பெயின்ட் அடிக்கக்கூடாது. அதன் கடுமையான தின்னர் அடியிலுள்ள எனாமலைக் கிளப்பி, தோல் சுருங்கியதுபோல் ஆக்கிவிடும். இரட்டைப் பெயின்டின் மேல், நன்றாகத் தேய்த்துவிட்டு எனாமல் அடிப்பதில் பிரச்சினை இல்லை. நிறம் கலக்கும்போதும் எனாமலை எனாமலோடும், இரட்டையை அதே கம்பனியின் அதே வகையோடும் மட்டும் சேர்க்க வேண்டும். கடையில் சிறு போத்தலில் விற்கும் ஸ்டெய்னர் எனும் செறிந்த நிறம் எனாமலுக்குச் சரிவரும், ஆனால் லேபலில் போட்ட அளவைத் தாண்டினால் பெயின்ட் நாட்கணக்கில் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும். இரட்டைப் பெயின்டுக்குள் அதை விட வேண்டாம்.

நிறத்திடம் கேட்கும் மூன்று கேள்வி

மாதிரியையும் உங்கள் கலவையையும் பக்கத்தில் வைத்து, இந்த ஒழுங்கில் கேளுங்கள். எது வெளிர், எது அடர்? எந்தப் பக்கம் சாய்கிறது? அதாவது, நீலம் பச்சைப் பக்கமா, ஊதாப் பக்கமா? கடைசியாக, எது பளிச்சென்று இருக்கிறது, எது அழுக்கடித்த மாதிரி? ஒரு தடவைக்கு ஒரு கேள்விதான். மூன்றையும் ஒரே நேரத்தில் திருத்தப் போகிறவர் கடைசியில் ஐந்து லீற்றர் சேற்று நிறத்தோடு நிற்பார்.

கண்ணை அரைவாசி மூடிப் பார்த்தால் முதல் கேள்விக்கு விடை கிடைக்கும். வெளிர்–அடர் வேறுபாடு அப்போதுதான் துலங்கும். சாய்வைத் திருத்த, சாய வேண்டிய பக்கத்து நிறத்தில் ஒரு துளி. பளிச்சைக் குறைக்கப் பலரும் கறுப்பை எடுப்பார்கள். கறுப்பு நிறத்தை அடராகவும் ஆக்கிவிடும், சாய்வையும் மாற்றும். மஞ்சளில் கறுப்பு விட்டால் பாசிப்பச்சை வரும். வெள்ளையில் விட்டால் நீலஞ்சாய்ந்த சாம்பல். எதிர்நிறம் இதைவிட நல்லது. நீலத்துக்கு எதிர் செம்மஞ்சள், சிவப்புக்குப் பச்சை, மஞ்சளுக்கு ஊதா. நடைமுறையில் நீலத்தையும் பச்சையையும் அடக்க ஒரு சொட்டுக் காவிச் சிவப்புப் போதும்.

எப்போதும் வெளிர் நிறத்துக்குள் அடர் நிறத்தை விடுங்கள். 100 மி.லீ. வெள்ளையை வான்நீலமாக்கச் சில மி.லீ. நீலம் போதும். ஏற்கெனவே நீலமாகிவிட்ட 100 மி.லீ.யை மறுபடி வெளிற வைக்கப் போனால் அரை லீற்றர் வெள்ளை விழுங்கும்.

100 மி.லீ. கலவையில் தொடங்குவது

பார்மசியில் ஊசி இல்லாத 1 மி.லீ., 5 மி.லீ., 10 மி.லீ. சிரிஞ்ச் வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒன்று. கலக்கும் கோப்பையில் கவனம் தேவை. நசித்தால் மொறுமொறுவென்று வெடிக்கும் யோகட் கோப்பை பொலிஸ்டைரீன். தின்னரும் ஜெல்கோட்டும் அதன் அடியைக் கரைத்துவிடும். டின் அல்லது கண்ணாடி பாதுகாப்பு.

அடுத்தது, மென்கலவை. கறுப்பு, நீலம், காவி போன்ற வலிய நிறங்களில் 10 மி.லீ. எடுத்து 90 மி.லீ. வெள்ளையில் நன்றாகக் கலக்கி மூடி வையுங்கள். இனி இதில் 1 மி.லீ. விட்டால் 0.1 மி.லீ. நிறம் விட்டதாகக் கணக்கு. வெள்ளை, பால்வெள்ளை, வெளிர்நீலம் எல்லாவற்றிலும் கடைசித் திருத்தத்தை இதனால்தான் செய்ய முடியும். சிவப்பு, கடும்பச்சை போன்ற அடர் நிறங்களுக்கு இந்த மென்கலவை உதவாது, அதிலுள்ள வெள்ளை நிறத்தைக் கெடுத்துவிடும்.

பழைய வான்நீலத்தைப் பிடிப்பதாக வைத்துக்கொள்வோம். 100 மி.லீ. வெள்ளையில் 1 மி.லீ. நீலம், முழுதாக ஒரு நிமிடம் கலக்கல், அட்டையில் ஒரு தடவல். பிறகு இன்னும் 1 மி.லீ. அடர்த்தி மாதிரிக்குச் சற்றுக் கீழே நிற்கும்போதே நிறுத்திச் சாய்வைப் பாருங்கள். அநேகமாக உங்களது மாதிரியைவிடப் பளிச்சென்று, புதிதாக இருக்கும். காவி மென்கலவையில் அரை மி.லீ. விடுங்கள். அடங்கும். அதோடு அடர்த்தியும் கொஞ்சம் ஏறும். கீழே நிறுத்தச் சொன்னது அதற்காகத்தான். விட்ட ஒவ்வொரு சொட்டையும் அந்தக் கணமே எழுதுங்கள்.

பால்வெள்ளைக்கு மஞ்சள் மட்டும் விடுவது வழக்கமான பிழை. வெண்ணெய் நிறம் வரும். எலுமிச்சை மஞ்சள் விட்டால் பச்சையடிக்கும். காவி மஞ்சளோடு துளி கறுப்பும் சேர்ந்தால்தான் பழைய போட்டின் வெள்ளை. மங்கிய சிவப்பில் இன்னொரு வலை இருக்கிறது. வெளிற வைக்க வெள்ளை விட்டால் ரோசா நிறமாகிவிடும். முதலில் துளி செம்மஞ்சள், வெள்ளை அதற்குப் பிறகு, அதுவும் துளித் துளியாக. பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும் அடியிலுள்ளதை மறைக்கத் தெரியாதவை. பட்டி போட்ட சாம்பல் இடத்தின் மேல் சிவப்பு அடித்தால் அங்கே மட்டும் கறுத்துத் தெரியும். காயத்துக்கும் அதைச் சுற்றியுள்ள இடத்துக்கும் ஒரே நிற அண்டர்கோட் கொடுத்தால் இது வராது.

ஈரத்தில் தீர்ப்புச் சொல்லாதீர்கள்

டின்னில் தெரியும் நிறமும், தடவிய உடனே தெரியும் நிறமும், காய்ந்தபின் தெரியும் நிறமும் ஒன்றல்ல. எனாமலை ஓர் இரவு விட்டு மறுநாள் பாருங்கள். அவசரமென்றால் ஹெயார் டிரையரைத் தள்ளிப் பிடித்து இளஞ்சூட்டில் காய வைக்கலாம்.

தெளிவான தண்ணீர்ப் போத்தலின் தட்டையான பகுதியை வெட்டி, அதன் ஓரம்வரை இரண்டு கோட் பூசிக் காய வையுங்கள். பூசிய பக்கம் உங்களைப் பார்த்திருக்க, அந்த ஓரத்தைப் போட்டின் மேல் மட்டமாக அழுத்திப் பிடியுங்கள். ஓரம் கண்ணுக்குத் தெரியாமல் போனால் கலவை சரி. இன்னும் நுணுக்கமாகப் பார்க்க, ஒரு சாம்பல்நிற அட்டையில் கட்டைவிரல் நுழையும் ஓட்டை போட்டு, இரண்டு நிறமும் சந்திக்கும் இடத்தை அதனூடாகப் பாருங்கள். சுற்றியுள்ள மணலும் வானமும் கண்ணைக் குழப்புவதை இது தடுக்கும். சிவப்புச் சட்டையோடு வெள்ளைப் போட்டின் முன் நின்று நிறம் பார்க்க வேண்டாம், அந்தச் சிவப்பு போட்டில் விழும்.

எங்கே பார்க்கிறீர்கள் என்பதும் முக்கியம். கடையின் குழல்விளக்கில் அச்சொட்டாகப் பொருந்திய இரண்டு நிறம் கடற்கரையில் பொருந்தாமல் போகலாம். ஒரே நிறத்தை வெவ்வேறு பொடிகளால் உண்டாக்கியிருந்தால், வெளிச்சம் மாற இரண்டும் வெவ்வேறு விதமாக மாறும். எனவே காலை ஒன்பது மணிபோல் நிழலில் ஒருமுறை, வெயிலில் ஒருமுறை, பின்னேரச் சாய்வெயிலில் ஒருமுறை, பத்தடி தள்ளி நின்று பாருங்கள். மூன்றிலும் ஓரளவு பொருந்துவதே, ஒன்றில் மட்டும் கச்சிதமாகப் பொருந்துவதைவிட மேல். கடையின் கலர் மெஷினுக்கும் இதே விதிதான். அதற்குத் தட்டையான, சுத்தமான, மினுக்கிய துண்டு வேண்டும். மா பூத்த துண்டைக் கொடுத்தால் மா பூத்த நிறத்தைத்தான் படித்துத் தரும். மெஷின் தந்த டின்னையே தொடக்கமாக வைத்து, கடைசித் திருத்தத்தைக் கையால் செய்வது எல்லாவற்றிலும் சுருக்கமான வழி. நிற அட்டையில் ரால் (RAL) எனும் சர்வதேச நிற நம்பர் தெரிந்தால், உதாரணமாக வான்நீலத்துக்கு 5015, அதையும் தொடக்கமாக எடுக்கலாம்.

இரட்டைப் பெயின்டும் ஜெல்கோட்டும்

இரட்டைப் பெயின்டில் நிறத்தை முதலில் ‘ஏ’ பாகத்துக்குள் (நிறம் இருக்கும் டின்னுக்குள்) முடித்துவிட்டு, ஹார்ட்னரைக் கடைசியில் சேருங்கள். டின்னில் 2:1 என்றிருந்தால் சோதனைத் துளிக்கும் 2:1தான். உத்தேசமாக விட்ட ஹார்ட்னரில் காய்ந்த மாதிரி உண்மை சொல்லாது.

ஜெல்கோட்டில் நிறப்பசை எடையில் 10 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கூடினால் இறுகாது. அதை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட் பொதுவாக எடையில் 1 முதல் 2 சதவீதம். எங்கள் வெயிலுக்குக் கீழ்ப்பக்கம் நிற்பது நல்லது, ஆனால் 1 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. 30 கிராமுக்கு 1 சதவீதம் என்றால் ஏறத்தாழ 0.3 மி.லீ., 1 மி.லீ. சிரிஞ்சில் சரியாக எடுக்கலாம். காற்றுப் பட்ட ஜெல்கோட் மேலே பிசுபிசுத்துத்தான் நிற்கும். மெழுகுக் கரைசல் சேர்த்த ஜெல்கோட் பாவியுங்கள், அல்லது பூசியபின் பொலித்தீன் தாளால் காற்றுப் போகாமல் மூடுங்கள். கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். கண்ணாடி போடுங்கள், தெறித்துவிட்டால் உடனே ஓடும் தண்ணீரில் கால் மணித்தியாலம் கழுவி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இறுகலை வேகப்படுத்தும் கோபோல்ட் அக்சிலரேற்றரையும் கேட்டலிஸ்ட்டையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று சேர்க்காதீர்கள். தீப்பற்றும், வெடிக்கவும் செய்யும்.

எவ்வளவு கலப்பது

நிறம் பிடிபட்டதும் முழு வேலைக்கும் ஒரே தடவையில் கலக்க வேண்டும். இரண்டாம் தடவை அதே நிறம் வருவது அபூர்வம். வெளிப்பக்கத்துக்கு ஒரு சுலபக் கணக்கு: நீளத்தையும் அகலத்தையும் கூட்டி, இரண்டால் பெருக்கி, நீர்மட்டத்துக்கு மேலுள்ள சராசரி உயரத்தால் பெருக்குங்கள். 5.5 மீற்றர் நீளம், 1.6 அகலம், 0.7 உயரம் என்றால் ஏறத்தாழ 10 சதுர மீற்றர். எனாமல் ஒரு லீற்றர் ஒரு கோட்டுக்குப் பத்துச் சதுர மீற்றர் ஓடும் என்று வைத்தால் இரண்டு கோட்டுக்கு 2 லீற்றர். திருத்த வேலைக்கும் சேர்த்து 2.5 லீற்றராகக் கலக்குங்கள். சோதனையில் 100 மி.லீ.க்கு எழுதிய கணக்கை 25ஆல் பெருக்கி, வலிய நிறங்களில் பத்தில் ஒன்பது பங்கை மட்டும் முதலில் விட்டு, மிச்சத்தைப் பார்த்துப் பார்த்து விடுங்கள். கடையில் வாங்கிய டின்கள் ஒன்றுக்கு மேலென்றால் எல்லாவற்றையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலந்துவிடுங்கள். தயாரிப்பு இலக்கம் மாறினால் நிறமும் இலேசாக மாறும். பழைய மெல்லிய துணியில் வடித்து எடுத்தால் தோலும் கட்டியும் போகும்.

அடிக்கும் நாளும், நிறுத்தும் இடமும்

உப்பு இருக்கும் இடத்தில் பெயின்ட் நிற்காது. நல்ல தண்ணீரால் கழுவிக் காய வைத்து, தின்னர்த் துணியால் ஒருமுறை, காய்ந்த துணியால் உடனே ஒருமுறை என்று மீனெண்ணெயையும் டீசலையும் எடுத்த பிறகுதான் சாண்ட்பேப்பர். எண்ணெயோடு தேய்த்தால் எண்ணெயை உள்ளே தேய்த்து ஏற்றுவதாகவே முடியும். தேய்க்கத் தொடங்கும் முன் பதிவிலக்கத்தைப் படம் எடுத்து, எண்ணெய்த்தாளில் அச்செடுத்து வையுங்கள். திரும்ப எழுத வேண்டியது அது.

நவம்பர் முதல் ஜனவரி வரையான வாடை மழைக்காலத்தில் வெளியில் பெயின்ட் வேலை வேண்டாம். தென்மேற்குக் கச்சான் காற்று வீசும் மாதங்களில் காய்வு நல்லது, ஆனால் பகல் ஏற ஏற மணலும் பறந்து வந்து ஒட்டும். பனி உலர்ந்தபின் தொடங்கி, பதினொரு மணிக்குள் அன்றைய கோட்டை முடிப்பது எங்கள் பக்கத்துக்குச் சரி. நடுப்பகலில் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும் பக்கத்தில் அடித்தால் பிரஷ் இழுபடும், ஊசிமுனைத் துளைகள் விழும். பின்னேரம் அடித்தால் இரவுப் பனி இறங்கி எனாமலின் மினுக்கம் போய்விடும். மினுக்கம் போனால் நிறமும் வெளிறித் தெரியும், கலவையைக் குறை சொல்லிப் புதிதாகக் கலக்கத் தொடங்குவீர்கள்.

இனி, காயத்தின் அளவுக்கு மட்டும் அடிப்பதா? கூடாது. எவ்வளவு நன்றாகப் பிடித்த நிறமும் பரப்பின் நடுவில் முடிந்தால் எல்லை தெரியும். றப்பர் பட்டை, மூலை, நிறப்பட்டை என்று இயல்பான எல்லை ஒன்றில் முடியுங்கள். எங்கள் போட்டுகளில் பக்கத்தில் இரண்டு மூன்று நிறப்பட்டை இழுப்பது வழக்கம் என்பதால் இது சிரமமில்லை. கையில் பெயின்ட் இருந்தால் அந்தப் பக்கம் முழுவதையும் அடித்துவிடுவதே சிறந்தது. போட்டின் இரண்டு பக்கத்தையும் ஒரே பார்வையில் பார்க்கக்கூடியவர் யாரும் இல்லை. வாழைச்சேனைத் துறைமுகத்தில் நிற்கும் பெரிய போட்டுகளின் நீர்மட்டத்துக்குக் கீழான பாசித்தடுப்புப் பெயின்டுக்கு இந்தப் பாடு ஒன்றும் தேவையில்லை. அங்கே நிறம் பார்ப்பது மீன்தான்.

மிஞ்சிய எனாமலைச் சின்னக் கண்ணாடிப் போத்தலில் கழுத்துவரை நிரப்பி மூடுங்கள். காற்று குறைந்தால் மேலே தோல் கட்டாது. போத்தலில் கலவைக் கணக்கு, கம்பனி, தயாரிப்பு இலக்கம், அடித்த திகதி நான்கையும் எழுதி ஒட்டுங்கள். ஹார்ட்னர் சேர்த்தது மிஞ்சினால் மூடி வைக்கக்கூடாது. திறந்த டின்னில் விட்டு, இறுகியபின் எறியுங்கள்.